சுடுதளத்தின் சுவரைத் தாண்டக்கூடாத மூன்று

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மெக்கானிக்கல் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் கம்பியின் தடிமன் பெரும்பாலும் 0.5 மில்லிமீட்டர். வெள்ளைத் தாளில் அதை நேராக ஊன்றி ஒரு புள்ளி வையுங்கள். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்து மீட்டர் பின்னால் போய் நின்று பாருங்கள். புள்ளி கண்ணுக்குத் தட்டுப்படாது. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் வட்டம் அந்தப் புள்ளியின் அளவுதான்.

வீரர்களின் கண்ணுக்கும் அது தெரிவதில்லை. அவர்கள் பார்ப்பது 30.5 மில்லிமீட்டர் அகலமுள்ள கறுப்பு வட்டத்தை. குறிபார்க்கும் வளையத்தின் நடுவே அந்தக் கறுப்பை நிறுத்தினால், கண்ணில் படாத புள்ளி தானாக மையத்துக்கு வந்துவிடும். பாயும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்பதால், அதன் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும். அது சலுகை போலத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. துப்பாக்கிக் குழலின் முனை ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் விலகினாலே பத்து கைநழுவிவிடும். நெஞ்சு துடிப்பதே அந்த அளவுக்குக் குழலை அசைத்துவிடும். அதனால்தான் தேர்ந்த வீரர்கள் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட அமைதியில் விசையை அழுத்தப் பழகுகிறார்கள். இப்படி 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும்.

பயிற்சிக்கு நல்ல விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். உயரமோ உடல்பலமோ பெரிதாகத் தேவையில்லை. மலேசியாவின் நூர் சுர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இதே ஏர் ரைஃபிள் பிரிவில் போட்டியிட்டார். சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் இரண்டு தங்கம் வென்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார்.

ஆனால் பூப்பந்து மட்டையைப் போல இதை வீட்டு வாசலில் பழகிவிட முடியாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றுத் துப்பாக்கிகூட ஆயுதச் சட்டத்தின்கீழ் வருகிறது. ஆக, நம் ஊரில் அனுமதி பெற்ற சுடுதளம் இல்லையென்றால் இந்த விளையாட்டே இல்லை. உலகின் பல நகரங்களில் சுடுதளங்கள் மூடப்பட்டு வருவதால்தான் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. மூடப்படும் காரணங்களைத் தேடிப் போனால் அவை பெரும்பாலும் மூன்றில் வந்து நிற்கும்: குண்டு வெளியே போகிறது, சத்தம் வெளியே போகிறது, ஈயம் வெளியே போகிறது. மூன்றையும் உள்ளேயே அடக்கத் தெரிந்த தளம் குடியிருப்புக்குப் பக்கத்திலும் பிழைத்திருக்கும்.

வானம் தெரியக்கூடாது

முதலில் குண்டு. ஏர் ரைஃபிளின் குண்டு அரை கிராம் எடையில் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதன் ஆற்றல் ஏழரை ஜூல். ஒரு கிலோ அரிசிப் பை மேசை விளிம்பிலிருந்து தரையில் விழுந்தால் ஏறத்தாழ அதே ஆற்றல்தான். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தூரத்துக்குப் பயன்படும் பாயின்ட் 22 தோட்டா இதைப்போல 18 மடங்கு ஆற்றல் கொண்டது. தடுப்பில்லாவிட்டால் அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். பெரிய ரைஃபிள்களின் ஆற்றல் 3,000 ஜூலைத் தாண்டும். அவற்றின் குண்டுகள் பல கிலோமீட்டர் போகக்கூடியவை.

இதன் விளைவை முதலில் சந்தித்தவர்களில் ஆங்கிலேயர்களும் அடங்குவர். பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1859ல் தொடங்கியது. 1860 ஜூலையில் லண்டன் அருகே விம்பிள்டன் திடலில் முதல் போட்டி நடந்தது. முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தி முன்கூட்டியே குறிவைத்துவிட்டார்கள். மகாராணி இழுத்தது விசையோடு கட்டியிருந்த பட்டுக் கயிற்றை மட்டும். அப்போது விம்பிள்டன் ஊருக்கு வெளியே இருந்தது. முப்பது ஆண்டுகளில் லண்டன் வளர்ந்து வந்து திடலைச் சுற்றிக்கொண்டது. குண்டு எட்டும் தூரத்தில் வீடுகள் வந்தபின் அங்கே நீடிக்க முடியவில்லை. 1890ல் சங்கம் சர்ரே வட்டாரத்திலுள்ள பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டுகளின் துப்பாக்கிப் போட்டிகள்கூட, மான்செஸ்டரில் அல்ல, தொலைவிலுள்ள பிஸ்லியில்தான் நடந்தன.

இடம்பெயர்வது பழைய தீர்வு. இன்று வடிவமைப்பாளர்கள் வடிவக்கணிதத்தை நம்புகிறார்கள். இலக்குக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. அதன் முகப்பில் கல் எதுவும் இருக்கக்கூடாது, ஏனென்றால் கல்லில் பட்ட குண்டு திசைமாறித் தெறிக்கும். சுடுபவரின் தலைக்கு மேலே, இலக்கு வரை சீரான இடைவெளியில் தடுப்புப் பலகைகள். இவற்றை எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சுடும் இடத்தில் நின்றாலும் மண்டியிட்டாலும் படுத்தாலும், உங்கள் கண்ணுக்கு முன்னால் வானம் துளியும் தெரியக்கூடாது. பார்வை நேர்க்கோட்டில் போகிறது. அத்தனை குறுகிய தூரத்தில் குண்டும் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில்தான் போகிறது. வானம் தெரியாத இடத்திலிருந்து கைதவறிச் சுட்ட குண்டும் வானத்துக்குப் போக வழியில்லை.

இரவில் ஏன் கூடுதலாகக் கேட்கிறது?

குண்டைத் தடுப்பதைவிடச் சத்தத்தைத் தடுப்பது கடினம். துப்பாக்கிச் சத்தம் ஒன்றல்ல, இரண்டு. குழல் வாயிலிருந்து வெடிமருந்து வாயு சீறி வெளிப்படும்போது எழுவது முதலாவது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால், படகின் பின்னால் நீர் விரிவதுபோல் காற்றில் அதிர்ச்சி அலை விரியும்; சாட்டையடி போன்ற அந்தக் கூரிய ஓசை இரண்டாவது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். போட்டிக்கான பாயின்ட் 22 தோட்டாக்கள் 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் பாயும்படி தயாரிக்கப்படுகின்றன. ஒலித்தடையைத் தாண்டாத குண்டு நிலையாகப் போகும் என்பது வீரரின் நோக்கம். இரண்டாவது சத்தம் எழுவதில்லை என்பது அக்கம்பக்கத்தாருக்குக் கிடைக்கும் இலாபம்.

பாயின்ட் 22 ரைஃபிளின் உச்ச ஒலி சுடுபவரின் காதருகே 140 டெசிபல் வரை எட்டும். பெரிய துப்பாக்கிகளில் 160ஐத் தாண்டும். 140 டெசிபல் என்பது ஒரே ஓசையில் காதின் நுண்ணிய மயிரிழைச் செல்கள் நிரந்தரமாகச் சேதமடையக்கூடிய எல்லை. அதனால் காதுகாப்பு இல்லாமல் சுடும் இடத்தில் வேடிக்கை பார்க்க நிற்பதுகூடத் தவறு. உள்ளரங்கில் பெரிய துப்பாக்கி சுடுபவர்கள் காதுக்குள் ஓர் அடைப்பான், அதற்குமேல் ஒரு கவசம் என இரட்டைப் பாதுகாப்பு அணிவார்கள்.

தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும். பத்து மீட்டரிலிருந்து 640 மீட்டருக்கு ஆறு இரட்டிப்பு. குறைவது 36 டெசிபல்தான். தூரத்தை மட்டும் நம்பினால் நிறைய நிலம் வேண்டும், அது நம் நகரங்களில் இல்லை. மரம் நட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முப்பது மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பு இருந்தாலும் சில டெசிபல்கள்தான் குறையும். மரங்கள் சுடுதளத்தை மறைப்பதால் மனத்துக்குச் சத்தம் குறைந்ததுபோல் தோன்றலாம். உண்மையில் உதவுவது சத்தம் பிறக்கும் இடத்துக்கு மிக அருகே எழுப்பிய சுவர், மண்மேடு, ஒலியை உறிஞ்சும் பொருள் ஒட்டிய கூரை ஆகியவையே.

மாலையில் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது என்று புகார் செய்வோரின் செவியைக் குறை சொல்லக்கூடாது. பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். பொழுது சாய்ந்ததும் தரையையொட்டிய காற்று முதலில் குளிர்கிறது. மேலே வெப்பக்காற்று மூடிபோல் நிற்கிறது. அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து, சுவரைத் தாண்டி, வீட்டுச் சன்னலுக்கே வந்து சேரும். பயிற்சி நேரத்தை அந்தி சாய்வதற்குள் முடித்துக்கொள்வது, எந்தச் சுவரையும்விடச் செலவு குறைந்த தீர்வு.

அமெரிக்கா இதற்குச் சட்டத்தின் வழியில் போனது. தொடங்கியபோது விதிகளுக்கு உட்பட்டு இயங்கிய சுடுதளத்தின்மீது, பின்னாளில் பக்கத்தில் குடிவந்தவர்கள் சத்தத்தைக் காரணம் காட்டி வழக்குத் தொடுக்க முடியாதபடி அங்கே பல மாநிலங்களில் பாதுகாப்புச் சட்டங்கள் உள்ளன. முன்னால் இருந்தவருக்கு முன்னுரிமை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாக வீடு வாங்கிவிட்டு விமானத்தைக் குறை சொல்வது எப்படி? ஆனால் சட்டம் வழக்கைத்தான் நிறுத்தும், சத்தத்தை அல்ல. ஈயத்தின் விஷயத்தில் அந்தக் கவசம் எவ்வளவு மெல்லியது என்பதை ஒரு கடற்கரை காட்டிக்கொடுத்தது.

வாத்தின் வயிற்றில்

மூன்றாவது ஈயம். சத்தம் நின்றதும் மறைந்துவிடும். ஈயம் மறையாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப், ஸ்கீட் போட்டிகளில் ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயச் சிறுகுண்டுகள் இருக்கும். எண்ணிக்கையில் சில நூறு. அவை விசிறிபோல் விரிந்து பறந்து, சுமார் 200 மீட்டருக்குள் தரையில் விழும். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஒருவர் 125 தட்டுகளைச் சுடுகிறார். தட்டுக்கு ஒரு தோட்டா என்று வைத்தாலும் மூன்று கிலோ ஈயம். பத்துப் பேர் தலா நூறு தட்டு பழகினால் ஒரே நாளில் 24 கிலோ. ரைஃபிள் குண்டுகள் ஒரே மண்மேட்டில் போய்ச் சேர்வதால் அள்ளுவது எளிது. இந்தச் சிறுகுண்டுகளோ ஒரு வயல் அளவு நிலத்தில் சிதறிக் கிடக்கும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லாங் ஐலண்ட் நீரிணைக்குள் நீண்டிருக்கும் லார்ட்ஷிப் முனையில் ரெமிங்டன் நிறுவனத்தின் டிராப், ஸ்கீட் மன்றம் ஒன்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இயங்கியது. சுட்ட திசை கடல். பின்னால் ஆளில்லை, வீடில்லை. குண்டைப் பொறுத்தவரை அது சிறந்த இடம். 1986 முடிவில் அங்கே சுடுவது நின்றபோது, நீரிலும் சேற்றிலும் ஏறக்குறைய 2,400 டன் ஈயக் குண்டுகள் கிடந்தன. கடலோர மீனவர் சங்கம் வழக்குத் தொடுத்தது. கடலில் நெடுங்காலமாகக் குவிந்து கிடக்கும் குண்டுகளும் தட்டுத் துண்டுகளும் சட்டப்படி கழிவே என்று 1993ல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை காலம் முன்பிருந்தே இயங்கினோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

மீனவர்களுக்கு ஏன் கவலை? வாத்து, கோழி இனங்களுக்குப் பல் இல்லை. சிறு கற்களை விழுங்கி, அரைவைப்பையில் வைத்துத் தானியத்தை அரைக்கின்றன. சேற்றில் இரை தேடும் வாத்துக்கு 2 மில்லிமீட்டர் ஈயக் குண்டும் நல்ல கல்லாகவே தெரிகிறது. அரைவைப்பையின் அமிலமும் உராய்வும் சேர்ந்து ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் ஏற்றிவிடுகின்றன. லார்ட்ஷிப் கரையிலும் ஈயம் ஏறிய வாத்துகள் பிடிபட்டன. இதே காரணத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈயச் சிறுகுண்டுகளுக்குத் தடை விதித்திருக்கிறது. டென்மார்க் அதற்கு முன்பே, 1996ல், முழுவதுமாகத் தடைசெய்துவிட்டது. மாற்றாக எஃகுக் குண்டுகள் வந்தன. எஃகின் அடர்த்தி குறைவு என்பதால் அவை காற்றில் விரைவாக வேகம் இழக்கும். அதற்கேற்பக் குறிபார்க்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிலத்தில் விழுந்த ஈயம் உடனே கரைவதில்லை. மேற்பரப்பில் ஈயக் கார்பனேட் படலம் உருவாகி ஒரு தோல்போல் மூடிக்கொள்ளும். மண் நடுநிலையாகவோ சற்றே காரமாகவோ இருந்தால் அந்தத் தோல் நிலைக்கும். அமில மண்ணில் அது கரைந்து, மழைநீரோடு ஈயம் நகரத் தொடங்கும். இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. தீபகற்பத்தின் சிவந்த மண் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வறண்ட நாட்டுச் சுடுதளத்தில் பல்லாண்டு அசையாமல் கிடக்கும் ஈயம், நம் மண்ணிலும் மழையிலும் அப்படிக் கிடக்காது. அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து அப்படியே இங்கே தளம் கட்டுவது சரிவராது என்பது இதனால்தான்.

வேதியியல் இங்கே கைகொடுக்கிறது. சுண்ணாம்புத் தூள் தூவினால் மண்ணின் அமிலம் தணியும். பாஸ்பேட் கலந்தால் ஈயம் பைரோமார்ஃபைட் என்னும், நீரில் கரையாத கனிமமாக மாறிவிடும். ஆனால் கைநிறைய அள்ளிப் போட்டால் பாஸ்பேட் ஓடையில் இறங்கிப் பாசி பெருகும். ஈயத்தைக் கடினமாக்கச் சேர்க்கும் ஆண்டிமனி என்ற இன்னொரு நச்சு உலோகம் பாஸ்பேட்டால் இடம்பெயரவும் கூடும். எனவே மருந்தைவிட அள்ளி எடுப்பதே முதல் வழி. மண்மேட்டைச் சலித்து ஈயத்தைப் பிரித்து உருக்கு ஆலைக்கு விற்கலாம். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் ஈயத்தை மறுசுழற்சி செய்வது எளிது. பழைய கார் மின்கலங்களின் ஈயம் மறுபடி மின்கலமாவது இப்படித்தான். மண்மேட்டுக்கு ஒரு கூரை போட்டுவிட்டால் மழைப் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும். நம் பருவநிலைக்கு முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கெல்லாம் பணம்? அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டின் ஒரு சட்டம் ரைஃபிள்களுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு வரி வசூலித்து, வனவிலங்குப் பாதுகாப்புக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் சுடுதளங்களுக்கும் மாநிலங்களிடம் கொடுக்கிறது. 2019ல் வந்த திருத்தத்தின்படி பொதுச் சுடுதளம் அமைக்கும் செலவில் 90 விழுக்காடு வரை அந்த நிதியிலிருந்தே எடுக்கலாம். சுடுபவரின் பணமே சுடுதளத்துக்குத் திரும்புகிறது. வழக்கைத் தடுக்கும் சட்டத்தைவிட இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

கூரைக்குக் கீழே

கட்டடத்துக்குள் கொண்டுபோனால் குண்டும் சத்தமும் பெருமளவு அடங்கிவிடும். ஈயம் மட்டும் புது வேடம் பூணும். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் கலவையில் பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட் என்னும் சேர்மம் இருக்கிறது. விசை விழுந்ததும் அது எரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்களாகச் சுடுபவரின் முகத்தருகே பரவும். அதை நுரையீரல் மிக எளிதாக ஏற்றுக்கொள்கிறது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை, பாதுகாப்பானது என்று அறியப்பட்ட ஈய அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

அதனால் உள்ளரங்கத் தளத்தின் உயிர் அதன் காற்றோட்டம். சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி, விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில், சுழலாமல் சீராகக் காற்று நகர வேண்டும். மின்விசிறி போட்டால் போதாதா என்று கேட்கலாம். விசிறி காற்றைக் கலக்கும். துகள் மறுபடி முகத்துக்கே வரும். உள்ளே விடும் காற்றைவிட வெளியே இழுக்கும் காற்று சற்று அதிகமாக இருந்தால், பக்கத்து அறைக்குத் துகள் கசியாது. வெளியேறும் காற்று நுண்வடிகட்டி வழியாகப் போக வேண்டும். குளிரூட்டிய காற்றை இப்படி இடைவிடாமல் வெளியே தள்ளுவதற்கான மின்கட்டணத்தை நினைத்துப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் உள்ளரங்கத் தளம் நடத்துவது செலவு பிடித்த காரியம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தச் சிக்கல்களில் பலவற்றை ஒரே தாவலில் தாண்டுவது 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கி. வெடிமருந்து இல்லை, தீப்பொறிக் கலவை இல்லை, காதைக் கிழிக்கும் வெடிச்சத்தம் இல்லை. இலக்கின் பின்னால் ஒரு சிறு பெட்டி குண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பூப்பந்துக் கூடம் அளவுள்ள அறையில் ஒலிம்பிக் தரத்தில் பழகலாம். 2010ல் சிங்கப்பூர் நடத்திய முதல் இளையர் ஒலிம்பிக்கில் துப்பாக்கிப் போட்டிகள் அனைத்தும் 10 மீட்டர் பிரிவிலேயே இருந்தன. மதிப்பெண்ணை எண்ணுவதும் மின்னணு இலக்கின் வேலை. குண்டு துளைக்கும் ஓசை மூலைகளிலுள்ள ஒலிவாங்கிகளை வெவ்வேறு நொடித்துளிகளில் எட்டும். அந்த வேறுபாட்டைக் கொண்டு கணினி குண்டு பட்ட இடத்தைக் கணக்கிடும்.

பெரிய தளங்களை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1998ல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுகளை நடத்தியபோது துப்பாக்கிப் போட்டிகளுக்காக லங்காவியில் தளம் கட்டப்பட்டது. 1974 முதல் 2018 வரை தொடர்ந்து இடம்பெற்ற துப்பாக்கி சுடுதல், 2022 பர்மிங்காம் விளையாட்டுகளில் சேர்க்கப்படவில்லை. நகருக்கு அருகே பொருத்தமான தளம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். பதக்கம் வெல்லக்கூடிய வீரர்கள் இருந்தும் வாய்ப்பு போயிற்று.

உங்கள் மகனோ மகளோ பயிற்சியில் சேர விரும்பினால், தளத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சுடும் கோட்டில் நின்று ஒரு மெல்லிய தாள்கீற்றைப் பிடித்தால் அது இலக்கின் பக்கம் சாய்கிறதா? தரையைத் துடைப்பத்தால் பெருக்குகிறார்களா, ஈரத்துணியும் நுண்வடிகட்டி உறிஞ்சியும் பயன்படுத்துகிறார்களா? உலர்ந்த துடைப்பம் ஈயத்தூசியைக் கிளப்பிவிடும். திறந்தவெளித் தளமாக இருந்தால் மண்மேட்டை எப்போது கடைசியாகச் சலித்தார்கள், மழைநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். நல்ல நிர்வாகம் இத்தகைய கேள்விக்கு முகம் சுளிக்காது.

காற்றுத் துப்பாக்கியிலும் குண்டு ஈயம்தான். விரலால் எடுத்துத்தான் அதைக் குழலில் வைக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் பிள்ளை ரொட்டி சனாய் பக்கம் போகக்கூடாது. வெடிமருந்துத் தளத்துக்குப் போய்வந்த பெரியவர்கள் சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கட்டும்; அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.